கப்பலிலிருந்தும் படையிலிருந்தும் தொழில் நிர்வாகத்துக்கு: கொங்கு நாட்டில் பாதை அமைத்துக்கொள்வது எப்படி?

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் கோயம்புத்தூர் ரெட்ஃபீல்ட்ஸில் கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரானி பயிற்சித் தளம் இருக்கிறது. சூலூரில் விமானப்படைத் தளமும் அதன் பழுதுபார்ப்புப் பணிமனையும் இருக்கின்றன. மலையேறினால் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்டின் மையம் இருக்கிறது. சரக்குக் கப்பல்களில் எஞ்சினியர்களாகவும் மாலுமிகளாகவும் போனவர்களும் நம் ஊர்களில் உண்டு. இவர்கள் முப்பத்தைந்து, நாற்பது வயதில் ஊர் திரும்பும்போது கண்முன் தெரிபவை பெரும்பாலும் இரண்டே வழிகள்தாம்: ஏதாவது ஒரு நிறுவனத்தின் வாசலில் காவல் பணி, அல்லது கைக்கு வந்த பணம் முழுவதையும் போட்டு அவசரமாகத் தொடங்கும் கடை. ஒரு தொழிற்சாலையின் மேலாளராக, பொது மேலாளராக, பங்குதாரராக உயர்வது என்ற மூன்றாவது வழியைப் பற்றியதே இக்கட்டுரை.

என் உறுதியான கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலிலும் படையிலும் கற்ற நடைமுறைகளை ஊருக்குக் கொண்டு வாருங்கள். பதவியைக் கொண்டு வராதீர்கள். சொந்தத் தொழிலுக்கு முன் சில ஆண்டுகள் இன்னொருவர் நிறுவனத்தில் வேலை பாருங்கள். அமெரிக்கக் கடற்படையில் போர்க்கப்பல்களில் பணியாற்றி 1957-இல் வெளியேறிய ராஸ் பெரோ, நேராக முதலாளியாகிவிடவில்லை, ஐ.பி.எம். நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்து, வாடிக்கையாளர்களுக்கு எது தேவைப்படுகிறது என்று பார்த்த பிறகே, 1962-இல் 1,000 டாலர் முதலீட்டில் இ.டி.எஸ். என்ற தன் கணினிச் சேவை நிறுவனத்தைத் தொடங்கினார். நம் பக்கத்து மாநிலத்தின் கேப்டன் கோபிநாத் இருபத்தெட்டு வயதில் ராணுவத்தை விட்டு வந்து பட்டுப்புழு வளர்ப்பில் இறங்கியவர். அவர் 2003-இல் ஏர் டெக்கான் என்ற குறைந்த கட்டண நிறுவனத்தின் விமானங்களைப் பறக்கவிடும்போது, ராணுவத்தை விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. இடைப்பட்ட அந்த ஆண்டுகளை யாரும் பேசுவதில்லை. வழி தேடுகிறவர் கவனிக்க வேண்டியவை அந்த ஆண்டுகள்தாம்.

வெளியே வருவதற்கு முன்பே

பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுகுடியமர்வு இயக்ககம், பணியின் கடைசி ஆண்டுகளில் இருப்பவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது; அதிகாரிகளுக்கு ஐ.ஐ.எம். போன்ற நிறுவனங்களில் சுமார் ஆறு மாத மேலாண்மைப் படிப்பு கிடைக்கிறது. சிப்பாய்களும் கடற்படையினரும் இந்த வகுப்புகளை ஊருக்குப் போக ஒரு வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ளாமல், தரக் கட்டுப்பாடு, சரக்கிருப்பு மேலாண்மை, கணக்கியல் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதினைந்து ஆண்டு பணிக்குப் பட்டப்படிப்புக்கு இணையாகக் கிடைக்கும் சான்றிதழ் அரசு வேலைகளுக்கு உதவும். தனியார் நிறுவனங்கள் அதை ஏற்கும் என்று நம்பி இருந்துவிடாமல், தொலைநிலைக் கல்வியில் பி.காம். முடித்துக்கொள்வது நல்லது. நான்கு ஆண்டில் வெளியே வரும் அக்னிவீரர்களுக்கு வயது குறைவு என்பதே பெரிய சொத்து. பணி முடியும்போது சேவா நிதி என்ற பெயரில் மொத்தமாகக் கிடைக்கும் சுமார் 11.71 லட்சம் ரூபாயை வண்டியாகவும் மனையாகவும் மாற்றுவதற்கு முன், அதில் ஒரு பகுதியைப் படிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று அவர்களுடைய பெற்றோரிடமும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

சரக்குக் கப்பலில் இருப்பவர்கள் தங்கள் தகுதிச் சான்றிதழைக் காலாவதியாக விடக் கூடாது. பொதுவான விதிப்படி, ஐந்து ஆண்டுகளில் பன்னிரண்டு மாதக் கடல் பணியோ, கடைசி ஆறு மாதங்களில் மூன்று மாதக் கடல் பணியோ இருந்தால் அதைப் புதுப்பிக்கலாம். கரையில் முதல் முயற்சி சரிவராமல் போனால் திரும்பிப் போகும் வழி அதுதான். கரையில் நிலையாகத் தங்கியதும் வெளிநாடுவாழ் இந்தியர் என்ற வரி நிலை மாறிவிடும்; அந்த நிலையில் உள்ளவர்களுக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப்போட்டுப் பின்னர் அபராதத்தோடு வருமான வரி அலுவலகம் ஏறுவதைவிட, ஊர் வந்த மாதமே ஒரு ஆடிட்டரைப் பார்ப்பது மேல்.

கையில் உள்ள பணம்

ஓய்வூதியத்தில் 50 சதவீதம் வரை தொகுப்பாகப் பெற்றுக்கொள்ளப் படைவீரர்களுக்கு வாய்ப்பு உண்டு. அந்தப் பகுதி பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகே மாத ஓய்வூதியத்தில் மீண்டும் சேரும். இந்தத் தொகையை முதல் மூன்று ஆண்டுகள் எந்தத் தொழிலிலும் போடாதீர்கள். உறவினர் கேட்பார், உடன் படித்தவர் கேட்பார், சீட்டு நடத்துகிறவர் கேட்பார். எல்லாருக்கும் பணம் வைப்புநிதியில் இருக்கிறது என்ற ஒரே பதிலைச் சொல்லுங்கள். சரக்குக் கப்பல்காரர்களுக்குப் படைவீரர்களைப் போன்ற ஓய்வூதியம் கிடையாது என்பதால், அவர்கள் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

தொழில் தொடங்கும் காலம் வரும்போது அரசின் கடன் திட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2024 சுதந்திர தினத்தன்று அறிவித்த ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் முன்னாள் படைவீரர்கள் 1 கோடி ரூபாய் வரை கடன் பெறலாம். அதில் 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. விண்ணப்பம் பற்றிய விவரங்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் மாவட்டத் தொழில் மையத்தையும் நேரில் அணுகுங்கள். திட்ட அறிக்கையை யாரோ ஒருவரிடம் விலைக்கு வாங்காமல் நீங்களே எழுதுங்கள். வங்கி மேலாளர் கேட்கும் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல அப்போதுதான் முடியும்.

எந்தத் தொழிலில் போய்ச் சேர்வது

உங்கள் பழைய வேலைக்கும் இங்குள்ள தொழிலுக்கும் உள்ள தொடர்பை முதலாளி தானாகக் கண்டுபிடிக்க மாட்டார். நீங்கள்தான் காட்ட வேண்டும். திருப்பூரின் சாயப்பட்டறைகள் 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறின. தலைகீழ் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) கருவிகளும் பெரிய ஆவியாக்கிகளும் கொதிகலன்களும் இரவு பகலாக ஓடும் இடங்கள் அவை. கடல்நீரைக் காய்ச்சி நன்னீராக்கும் கருவியையும் கொதிகலனையும் கப்பலில் ஓட்டியவருக்கு இந்த இயந்திரங்கள் புதியவை அல்ல. ராணுவச் சரக்குப் போக்குவரத்துப் பிரிவில் வாகன அணிகளை மலைப்பாதைகளில் நடத்திச் சென்றவருக்குச் சங்ககிரி, நாமக்கல் லாரித் தொழிலில் இடம் உண்டு. இயந்திரப் பழுதுபார்ப்புப் பிரிவில் இருந்தவர்களும் விமானப்படைத் தொழில்நுட்பர்களும் கோவையின் வார்ப்படப் பட்டறைகளையும் பம்ப் தொழிற்சாலைகளையும் பார்க்கலாம். 2019-இல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் சேலமும் இருப்பதால், ராணுவ ஆய்வாளர் ஒரு பாகத்தில் எதையெல்லாம் சரிபார்ப்பார் என்று தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு கூடியிருக்கிறது.

கப்பல் தளத்தில் பணிபுரிந்த அதிகாரிகள் ஏற்றுமதி நிறுவனங்களை நாட வேண்டும். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது, ஐரோப்பாவுக்குப் போகும் பனியன் சரக்கு இரண்டு வாரம் வரை தாமதமாயிற்று. சரக்கு எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பலுக்கு மாறும், கண்டெய்னர் தேங்கினால் வாடகை யார் தலையில் விழும், எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றித் தரும் வரையிலான) விலையில் ஏற்றுமதியாளரின் பொறுப்பு எந்த இடத்தில் முடிகிறது என்பதையெல்லாம் விளக்கக்கூடிய ஒருவர் அப்படிப்பட்ட வாரங்களில் நிறுவனத்துக்கு எவ்வளவு மிச்சப்படுத்துவார் என்று எண்ணிப் பாருங்கள்.

விண்ணப்பத்தில் ‘செகண்ட் எஞ்சினியர், பத்து ஆண்டு’ என்று மட்டும் எழுதினால் உடுமலையில் உள்ள நூற்பாலை முதலாளிக்கு ஒன்றும் புரியாது. எஞ்சின் அறையின் அன்றாடப் பராமரிப்பு முழுவதும் உங்கள் பொறுப்பில் இருந்தது, உதிரிபாகங்களின் இருப்பை நீங்கள் கணக்கு வைத்தீர்கள், கப்பலைப் பழுதுபார்க்க உலர்துறையில் ஏற்றியபோது இத்தனை வேலைகளை இத்தனை நாளுக்குள் இந்தச் செலவுக்குள் முடித்தீர்கள் என்று எழுதுங்கள். படையில் கையாண்ட ரகசிய விவரங்களைத் தவிர்த்து, ஆட்கள், இருப்பு, செலவு, காலம் என்ற நான்கையும் சொன்னால் போதும்.

தொழிற்கூடத்துக்குள் நுழைந்த பிறகு

சிறிய, நடுத்தர நிறுவனங்களில் பெரிய குறை ஷிப்ட் மாறும் நேரத்தில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பருத்திப் பின்னல் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது முதலில் உப்பு, பிறகு இடைவெளி விட்டுச் சோடா ஆஷ் என்று படிப்படியாகச் சேர்க்க வேண்டும். 60 டிகிரியில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறுகிறது. போகிறவர் வாசலில் பைக்கை எடுத்தபடியே “எல்லாம் போட்டாச்சுங்கண்ணா” என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் சொன்னது பக்கத்து மெஷினைப் பற்றி. நோட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மறுநாள் அந்த லாட்டின் நிறம் முந்தைய லாட்டோடு ஒத்துப்போகாமல், சட்டையின் கை ஒரு நிறமாகவும் உடல் ஒரு நிறமாகவும் நிற்கிறது. எஞ்சின் அறையில் பொறுப்பேற்க வருகிறவர் முன்கூட்டியே வந்து, தாமே ஒரு சுற்றுச் சுற்றி, வெப்பமும் அழுத்தமும் பார்த்து, பதிவேட்டைப் படித்த பிறகே காவலை, அதாவது தன் முறைக்கான பொறுப்பை, ஏற்கிறார். வருகிறவர் தகுதியான நிலையில் இல்லை என்று தோன்றினால் இருப்பவர் காவலை ஒப்படைக்கவே கூடாது என்பது சர்வதேச விதி.

இதை நீங்கள் கொண்டுவர முடியும். ஆனால் முதல் நாளே நாற்பது கட்டங்கள் உள்ள படிவத்தை நீட்டினால் ஒருவரும் நிரப்ப மாட்டார்கள். மெஷினுக்கு ஒரு நோட்டு போதும்: இப்போது எந்தக் கட்டம், அடுத்து செய்ய வேண்டியது எது, வழக்கத்துக்கு மாறாக எது தெரிந்தது, அதை யாரிடம் சொன்னோம். முதல் சில வாரங்கள் ஷிப்ட் மாறும் நேரத்தில் நீங்களே மெஷின் அருகில் நில்லுங்கள். தவறு நடக்க இருந்து தப்பிய நிகழ்வுகளை ஆள் பெயர் போடாமல் எழுத அனுமதித்தால், இரண்டு மாதத்தில் பட்டறையின் பலவீனங்கள் எல்லாம் உங்கள் மேசைக்கு வந்துவிடும்.

கட்டளையிடும் குரல் இங்கே செல்லாது. கொங்கு நாட்டில் வயதில் சிறியவரையும் மரியாதையோடு அழைப்பதுதான் வழக்கம். அதட்டி வேலை வாங்கினால் டெய்லர் சனிக்கிழமை வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு திங்கள்கிழமை அடுத்த தெருவிலுள்ள கம்பெனிக்குப் போய்விடுவார். அவரைத் தடுக்க உங்களிடம் ராணுவச் சட்டம் இல்லை. அதே சமயம் உங்களிடம் உள்ள ஒரு திறமை இங்குள்ள பல மேலாளர்களிடம் இல்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்களோடு இந்தியில் பேசவும், பல மாநிலத்தாரை ஒரே கூடத்தில் தங்கவைத்து நடத்தவும் உங்களுக்குத் தெரியும். விடுதியில் தண்ணீர் வரவில்லை என்ற செய்தி சண்டையாக மாறுவதற்கு முன் உங்கள் காதுக்கு வருமானால், நிறுவனத்தில் உங்கள் இடம் உறுதியாகிவிடும்.

கணக்கு தெரியாமல் நிர்வாகத்தின் மேல்படிக்குப் போக முடியாது. படையிலும் கப்பலிலும் செலவைக் கட்டுப்படுத்தக் கற்றிருப்பீர்கள். வரவேண்டிய பணத்தின் பின்னால் ஓடக் கற்றிருக்க மாட்டீர்கள். நூலுக்குப் பணம் உடனே போகிறது, ஏற்றுமதிப் பணம் மாதங்கள் கழித்து வருகிறது. இந்த இடைவெளியில்தான் ஆர்டர் நிறைய உள்ள கம்பெனிகளும் மூழ்குகின்றன. குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தக் கெடுவுக்குள் தராமல் ஆண்டு முடிந்த பின்னும் பாக்கி வைத்தால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாது. ஆகவே உங்கள் நிறுவனம் குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாதம் ஒரு முறை கணக்காளரோடு அமர்ந்து, வரவேண்டியதையும் தரவேண்டியதையும் தேதி வாரியாகப் பாருங்கள். முதலாளி உங்களை உற்பத்திப் பொறுப்பாளராக மட்டும் பார்ப்பதை நிறுத்துவது அப்போதுதான்.

சில ஆண்டுகள் கழித்து முதலாளியோ உறவினரோ பங்கு சேரச் சொல்லி அழைக்கும் நாள் வரலாம். மச்சான் வாக்கை நம்பிப் பணம் போடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. உறவு எவ்வளவு நெருக்கமானதாக இருந்தாலும் கூட்டாண்மை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். லாபப் பங்கு வேறு, உங்கள் உழைப்புக்கான மாதச் சம்பளம் வேறு என்று பிரித்து எழுதுங்கள். வங்கிக் கடனுக்கு யார் எந்தச் சொத்தைப் பிணையாக வைக்கிறார் என்பதையும், ஒருவர் விலகினால் அவர் பங்கை எந்த முறையில் மதிப்பிடுவது என்பதையும், குடும்பம் குடியிருக்கும் வீடு பிணையில் சேராது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே அதில் சேர்த்துவிடுங்கள்.