இங்கிலாந்து கிராமத்துப் பப்பில் இரவு தங்குபவர்கள் செய்யும் தவறுகள்

லேக் டிஸ்ட்ரிக்ட், காட்ஸ்வோல்ட்ஸ், யார்க்‌ஷர் டேல்ஸ் பக்கம் சுற்றப் போகும் நம்மவர்கள் பலர், படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய் ஏதாவது ஒரு பழைய பப்பின் மாடி அறையை இணையத்தில் பதிவு செய்கிறார்கள். பதிவுப் பக்கம் ஹோட்டலுடையதைப் போலவே இருக்கும். அதனால் வரவேற்பு மேசை, அறைக்கே வரும் சாப்பாடு என்று எதிர்பார்ப்பும் கூடவே கிளம்பிவிடுகிறது. பப்பில் சாவி, சாப்பாடு, பீர், கணக்கு எல்லாம் ஒரே பார் கவுன்டர் வழியாகத்தான். கவுன்டரில் ஆள் இல்லாத நேரத்தில் எதுவும் நடக்காது.

முதல் தவறு நேரத்தில். சிறிய பப்புகள் பல, மதியம் 3 மணிக்கு மூடி மாலை 5.30 அல்லது 6க்குத்தான் மீண்டும் திறக்கும். சில திங்கள், செவ்வாயில் திறப்பதே இல்லை. புறப்படும் அன்று காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ஆள் இல்லாவிட்டால் சாவிப் பெட்டியின் எண்ணைத் தருவார்கள். கிராமத்துக்குள் போன பிறகு கைபேசிக்கு சிக்னல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

சமையலறைக்குத் தனி நேரம். பாரில் இரவு 11 வரை பீர் ஊற்றுவார்கள், ஆனால் அடுப்பை 8.30க்கோ 9க்கோ அணைத்துவிடுவார்கள். 9.15க்கு வந்து சேர்ந்தால் சிப்ஸ் பாக்கெட்டும் வறுத்த கடலையும்தான் இரவுச் சாப்பாடு. ஞாயிறு இன்னும் மோசம்: மதியம் 12 முதல் 4 வரை ரோஸ்ட் (அடுப்பில் வாட்டிய இறைச்சிச் சாப்பாடு), அதோடு பல இடங்களில் சமையல் முடிந்தது. இன்னொன்று, அறை பதிவு செய்தால் சாப்பாட்டு மேசையும் சேர்ந்தே கிடைக்கும் என்று நினைப்பது. அப்படி இல்லை. சனி இரவுக்கும் ஞாயிறு மதியத்துக்கும் மேசையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மேசையில் உட்கார்ந்து சர்வர் வருவாரென்று அரை மணி காத்திருப்பவர்களை எந்தப் பப்பிலும் பார்க்கலாம். முதலில் மேசை எண்ணைப் பாருங்கள். கவுன்டருக்குப் போங்கள். எண்ணைச் சொல்லி உணவு, பானம் இரண்டையும் சொல்லுங்கள். பணத்தை அப்போதே கொடுக்கலாம், அல்லது அறைக் கணக்கில் எழுதச் சொல்லலாம். கவுன்டரில் வரிசை இருக்காது, ஆனாலும் யாருக்கு அடுத்து யார் என்பது ஊற்றுபவருக்குத் தெரியும். நோட்டை ஆட்டிக் கூப்பிட்டால் உங்கள் முறை முன்னால் வராது. நண்பர்களோடு போனால் ஒரு சுற்றை ஒருவர் வாங்குவது வழக்கம். அடுத்தவர் வாங்கியதைக் குடித்துவிட்டு உங்கள் சுற்று வரும்போது நழுவுவதை யாரும் மறக்க மாட்டார்கள்.

இனி ஏல் என்ற பாரம்பரிய பீர். “சூடாக இருக்கிறது, கேஸ் இல்லை” என்று திருப்பிக் கொடுப்பதுதான் இங்கே பெரிய தவறு. கைப்பம்பில் இழுத்து ஊற்றும் காஸ்க் ஏல் பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதிப்பது. அதில் இருப்பது அந்த நொதித்தல் தந்த மெல்லிய கேஸ் மட்டும்தான். வெளியிலிருந்து அழுத்தி ஏற்றுவதில்லை. நிலவறையில் வைத்து 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் பரிமாறுவார்கள். அதைவிடக் குளிர்ந்தால் மால்ட் (முளைகட்டிய தானியம்), ஹாப்ஸ் (கசப்புப் பூ) வாசனை நாக்குக்கு எட்டாது. ஜில்லென்று வேண்டுமானால் லாகர் வகை பீர் கேளுங்கள், அதில் வெட்கமில்லை.

திருப்பிக் கொடுக்க நியாயமான காரணமும் உண்டு. பீப்பாயைத் திறந்த பிறகு காற்று புகுவதால், மூன்று நாளுக்குள் காலியாவது நல்லது. 9 காலன் பீப்பாயில் 72 பைன்ட் இருக்கும்; கூட்டமில்லாத பப்பில் ஆறு பம்புகள் இருந்தால் அத்தனையும் புதிதாக இருக்க வாய்ப்பில்லை. எது அதிகம் ஓடுகிறது என்று கேட்டு அதையே வாங்குங்கள். வினிகர் வாடை அடித்தால் ஒரு மிடறோடு நிறுத்தி, கவுன்டரில் அமைதியாகச் சொன்னால் மாற்றித் தருவார்கள். முக்கால் கிளாஸ் குடித்துவிட்டுச் சொன்னால் எடுபடாது. பிடிக்குமா என்ற சந்தேகம் இருந்தால் முதலில் சுவை பார்க்கக் கேளுங்கள், அல்லது அரை பைன்ட், அதாவது 284 மில்லி, வாங்குங்கள்.

சைவர்கள் மெனுவில் இறைச்சிப் பெயர் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சாப்பாட்டோடு சூடாக வரும் உருளைக்கிழங்கு சிப்ஸைச் (ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் போன்றது) சில இடங்களில், குறிப்பாக யார்க்‌ஷரில், மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். யார்க்‌ஷர் புட்டிங்கை (மாவில் சுட்ட உப்பலான பண்டம், இனிப்பல்ல) அதே கொழுப்பு தடவிய தட்டில் சுடுவதும் உண்டு. சூயட் என்பது மாட்டுக் கொழுப்பு. வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கும். காஸ்க் ஏலைத் தெளிய வைக்கப் பல மதுவாலைகள் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் சேர்க்கின்றன. கடும் சைவமென்றால் வீகன் என்று எழுதிய பாட்டிலே சுலபமான வழி. “சைவமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள், கிரேவி எதில் செய்தது?” என்று பிரித்துக் கேளுங்கள்.

அறை விஷயத்தில் பாருக்கு நேர் மேலே இருப்பதை வாங்கிவிட்டு 9 மணிக்குத் தூங்கப் பார்ப்பவர்கள் பாவம். பின்பக்க அறை, அல்லது பழைய குதிரை லாயத்தை மாற்றிக் கட்டிய அறை உண்டா என்று கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களில் லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது. குறுகிய செங்குத்துப் படியில் 25 கிலோ பெட்டியை நீங்களே தூக்க வேண்டும். உத்தரம் தாழ்வாக இருக்கும், தலை பத்திரம். பல பப்புகளில் நாய்களுக்கும் அனுமதி உண்டு, ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்காலத்தில் மலைப் பக்கம் போகிறவர்கள் இரண்டு நாளுக்கான மருந்தைக் கூடுதலாக எடுத்துப்போவது நல்லது. 528 மீட்டர் உயரத்திலுள்ள டான் ஹில் இன் என்ற பப்பில், 2021 நவம்பரில் பனி மூடி விருந்தினர்கள் மூன்று இரவு வெளியே வர முடியாமல் இருந்தார்கள்.

கடைசியாக, மறுநாள் காலை வண்டி. 5 சதவீத ஏல் நான்கு பைன்ட் என்றால் ஏறத்தாழ 11 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்). உடல் மணிக்குத் தோராயமாக ஒரு யூனிட்தான் கழிக்கும். இரவு 11க்குக் குடித்து முடித்து, காலை உணவோடு 8.30க்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் இன்னும் வரம்புக்கு மேல் இருக்கக்கூடும். காபியும் குளியலும் அதைக் குறைக்காது. இங்கிலாந்தில் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் ஆல்கஹால். எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குள் போனால் 2014 முதல் 50தான். பார் கணக்கை இரவே முடித்துவிடுங்கள்; காலையில் சமையல்காரர் ஒருவர் மட்டும் இருக்கலாம், அவருக்குக் கணக்கு இயந்திரத்தைத் திறக்கத் தெரியாமலும் போகலாம்.