மும்பை ஈரத்தில் சுண்டெலி வளர்க்க

செம்பூரில் சின்ன ஃபிளாட்டில் சுண்டெலி வளர்க்கிறவள் நான். இந்த ஊரில் சுண்டெலிக்கு முதல் எதிரி ஈரம்தான். ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை சுவர்கூட வியர்க்கும். கூண்டுக்குள் சிறுநீர் காயாமல் ஊறி அம்மோனியாவாகக் கிளம்பும். தரையோடு மூக்கை வைத்துத் திரியும் உயிர், நாள் முழுக்க அதையே சுவாசிக்கும். பல சுண்டெலிகளின் உடம்பில் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மோனியா மூச்சுப்பாதையைப் புண்ணாக்கினால் அந்தக் கிருமி மூச்சு நோயாகக் கிளம்பிவிடும். அதனால் கூண்டு வாங்கும்போதே காற்றோட்டத்தைப் பாருங்கள்.

மீன்தொட்டி வேண்டாம், கண்ணாடிக்குள் காற்று தேங்கும். துணி போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கி, மூடியிலும் ஒரு பக்கத்திலும் ஜன்னல்போல வெட்டி, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரும்பு வலையை நட்டு போல்ட்டால் இறுக்குங்கள். வலைக் கண் 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருந்தால் மூன்று நான்கு பெண் எலிகள் தாராளமாக வாழும். ஓடும் சக்கரம் தட்டையான பரப்போடு இருக்கட்டும். கம்பிச் சக்கரத்தில் வால் சிக்கும்.

பெண் எலிகள் என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். ஆண்களைச் சேர்த்து வைத்தால் கடித்துக் குதறிக்கொள்ளும், மூத்திர வாடையும் அதிகம். கிராஃபோர்ட் மார்க்கெட்டில் வாங்கினாலும் வேறெங்கே வாங்கினாலும் கடைக்காரர் சொல்வதோடு விடாமல் வாலடியை நீங்களே பாருங்கள்: மலத் துவாரம், மூத்திரத் துவாரம் இரண்டுக்கும் இடைவெளி குறைவாக, வயிற்றில் இரு வரிசையாக முலைக்காம்புகள் தெரிந்தால் பெண். இதில் ஏமாந்தால் வீடு கொள்ளாது. கர்ப்பம் மூன்றே வாரம். குட்டி போட்ட ஒரு நாளுக்குள் மறுபடி சினையாகிவிடும். அந்தக் குட்டிகளும் ஆறு வாரத்தில் பருவத்துக்கு வந்துவிடும். வாங்கியதும் ஹார்பர் லைன் ரயிலில் மதியக் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஏறுங்கள். ஆறு மணி நெரிசலில் அந்தச் சின்ன இதயம் என்ன பாடுபடும்!

கீழே விரிக்க மரக்கடைச் சீவலை அள்ளிவராதீர்கள். பைன், தேவதாரு வாசனை நுரையீரலுக்கு ஆகாது. அச்சடிக்காத தாளைக் கிழித்து நான்கு விரல்கடை ஆழத்துக்குப் போடுங்கள். மேலே வாசனையில்லாத டிஷ்யூ தாள் இரண்டைப் போட்டுவிட்டு ராத்திரி கவனியுங்கள்: ஒருத்தி ஓரத்தைப் பல்லால் பிடித்து நீளநீளமாகக் கிழிப்பாள், இன்னொருத்தி அதை இழுத்துப்போய்க் கூடு கட்டுவாள். எனக்கு டிவியைவிட இது போதும்.

மழைக்காலத்தில் மூத்திர மூலையை மட்டும் தினமும் எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை முழுசாக மாற்றும்போது பழைய கூட்டிலிருந்து ஒரு கைப்பிடி காய்ந்த தாளை மறுபடி உள்ளே போட வேண்டும். தங்கள் வாசனை மொத்தமும் போய்விட்டால் பதறிப்போய் முன்னைவிட அதிகமாக மூத்திரம் தெளிக்கும். ஃபினாயில் கூடவே கூடாது, வெந்நீரும் வினிகரும் போதும்.

கூண்டு இருக்கும் அறையில் கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடென்றால் கூண்டை முன்கூட்டியே வேறு அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்துங்கள். மிளகாய் தாளிக்கும் நெடியும் அதே கணக்குதான். பால்கனியில் வைக்கலாமே என்பார்கள். சாக்கடைப் பெருச்சாளி ஏறிவரும் ஊர் இது. அது சுண்டெலியைக் கொன்று தின்னும், அதன் மூத்திரத்தில் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும்.

தீனிக்கு நம் வீட்டுச் சாமானே பெரும்பாலும் போதும்: கம்பு, தினை, ஓட்ஸ், கொஞ்சம் பெல்லட் (கடையில் விற்கும் எலித் தீனி உருண்டை). அவித்த முட்டை பட்டாணி அளவு, வாரத்தில் இரண்டு நாள். ஒரு எலிக்கு நாளைக்கு நான்கைந்து கிராம் தாராளம். வேர்க்கடலையை மழைக்காலத்தில் தவிர்த்துவிடுங்கள், பூஞ்சை பிடித்தால் நஞ்சு. தானியத்தை இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் கொஞ்சமாகவே வையுங்கள்.

வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோல் உரிந்து வந்துவிடலாம். இரு கைகளையும் குவித்துத் தண்ணீர் அள்ளுவதுபோல அள்ளுங்கள். அப்படியே காதருகே கொண்டுவந்து கேளுங்கள். டிக் டிக்கென்று மூச்சு சத்தம் கேட்டாலோ, ரோமம் சிலிர்த்துக் கூனி உட்கார்ந்திருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்; நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளவே கூடாது. நாய், பூனை மட்டுமே பார்க்கும் டாக்டர்கள்தான் அதிகம். சின்ன பிராணிகளைப் பார்ப்பவர் யாரென்று இப்போதே விசாரித்து வையுங்கள். சுண்டெலிக்கு ஆயுசே இரண்டு வருஷம்தான், அதில் ஒரு நாள் என்பது பெரிது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பக்கத்து வீட்டு மாமியிடம் சாவியைக் கொடுக்கும்போது தீனி அளவைவிட முக்கியமாக ஒன்று சொல்லுங்கள். தண்ணீர்ப் பாட்டில் நிறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது. குழாய் முனையிலுள்ள உருண்டையைத் தினமும் விரலால் தட்டி, சொட்டு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்துக்கொண்டால் பாட்டில் நிறைந்தபடியே இருக்கும், எலி தாகத்தில் செத்துப்போகும்.