வெயிலில் பழைய பைக்: நல்லது என்று நினைத்துச் செய்யும் கெடுதல்கள்

ரேடியேட்டர் இல்லாத பழைய வண்டிக்குச் சூடு தணிக்க இரண்டே வழி: ஃபின்கள் (இன்ஜினைச் சுற்றியுள்ள தகடு வரிசைகள்) மேல் ஓடும் காற்று, உள்ளே சுற்றும் ஆயில். வண்டி நின்றால் காற்றும் நின்றது. அதனால் கொளுத்தும் வெயிலில் நெடுஞ்சாலையைவிடச் சிக்னல்தான் ஆபத்து. ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் அணைத்துவிடுங்கள். நின்றபடியே ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

"மெதுவாகப் போனால் இன்ஜினுக்கு நல்லது" என்று டாப் கியரிலேயே ஊர்வது அடுத்த தவறு. மேடேறும்போது டப்பாவில் கூழாங்கல் குலுங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். அதுதான் நாக்கிங். பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடித்து, பிஸ்டன் தலையில் அடி விழுகிறது. ஒரு கியர் குறையுங்கள், சத்தம் அடங்கும்.

மைலேஜுக்காக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரை லீனாக வைப்பதும் இதே வீட்டுப் பிள்ளைதான். பெட்ரோல் குறைந்த கலவை இன்ஜினைக் கூடுதலாகச் சூடாக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நிம்மதி, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தால் கார்புரேட்டரைக் கவனிக்க வேண்டும். 20டபிள்யூ50 என்ற கெட்டியான ஆயிலைக் கேட்கும் இன்ஜினுக்கு, புது வண்டிகளின் இளகலான 10டபிள்யூ30 ஊற்றுவதும் வேண்டாம். சூட்டில் அது இன்னும் நீர்த்துப்போகும். அளவு குறைந்தாலும் ஆபத்துதான், இருக்கிற கொஞ்ச ஆயில்தானே அத்தனை சூட்டையும் சுமக்கும்!

சூடான இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட் விரிசல் விடலாம். ஓடிச் சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள். அழுத்தத்தைக் காலையில், டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பதே சரி.

எல்லாவற்றிலும் மோசமானது இன்ஜின் ஜாம், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிச் சிக்கிக்கொள்வது. அலுமினியப் பிஸ்டன், வார்ப்பிரும்பு சிலிண்டரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடேறினால் இடைவெளி செத்துப்போகும். முறுக்கியது முறுக்கியபடி இருக்க, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வேகம் குறையும். "பிரேக் பிடிக்கிறதோ" என்று யோசித்து நான் கோட்டைவிட்டது அந்த இரண்டு நொடிகளைத்தான். உடனே கிளட்சைப் பிடியுங்கள், இல்லையென்றால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓரங்கட்டியதும் கிக்கர் மேல் ஏறி நிற்காதீர்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். பிறகு ஆயில் அளவைப் பார்த்து, சாவி போடாமல் டாப் கியரில் மெல்ல முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் மட்டும் உதையுங்கள். கரகரத்தால் லோடு வண்டியைக் கூப்பிடுங்கள்.