மொறிஸ் மைனர்: வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும் விடக்கூடாத பிழைகள்

இங்கிலாந்தில் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்டு வரும் எங்கள் ஆட்கள் பலருக்கும் ஒரே காரணம்தான். ஊரில் அப்பாவோ பெரியப்பாவோ ஒன்று வைத்திருந்திருப்பார். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலில் சில சொட்டைக் கார்புரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் அவை. அந்தப் புகையின் மணம் எனக்கும் இன்னும் மூக்கில் நிற்கிறது. ஆனால் அந்த நினைவோடு போய்க் காரைப் பார்ப்பதுதான் முதல் பிழை. மண்ணெண்ணெயிலேயே ஓடிய கார், எதையும் தாங்கும் என்று மனம் சொல்லிவிடும். எஞ்சின் தாங்கும். இங்கிலாந்தின் மழையையும், குளிர்காலத்தில் தெருவில் கொட்டுகிற உப்பையும் தகடு தாங்காது.

மைனருக்கென்று தனிச் சட்டகம் கிடையாது. தகடுகளைப் பெட்டி பெட்டியாக மடித்து ஒட்டிய உடல்தான் அதன் எலும்பும். ஆகவே கறள் பிடித்தால் போவது அழகு மட்டுமல்ல, பலமும்தான். அப்படியிருந்தும் வாங்கப் போகிறவர்கள் பெயின்றையும் குரோமையும் பார்க்கிறார்கள், எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், அதோடு விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பெயின்ற் மங்கி அடித்தகடு நன்றாக இருக்கும் காரும், பளபளத்து அடித்தகடு உக்கிய காரும் ஒரே விலைக்கு நின்றால், யோசிக்காமல் முதலாவதை எடுங்கள். எஞ்சினைக் கழற்றி மாற்றுவது பழகின ஒருவருக்கு ஒரு சனி ஞாயிறு வேலை. அடித்தகட்டை வெட்டி ஒட்டுவது மாதக்கணக்கில் இழுக்கும். செலவு காரின் பெறுமதியையே தாண்டிப் போகும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். நான் முதலில் வாங்கியது 1966ஆம் ஆண்டு இரண்டு கதவுக் கார், கடும் பச்சை. விற்றவர் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூச்சு அடித்து வைத்திருந்தார். அதைப் பார்த்து, நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று நம்பினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, முன் ஆசனத்தின் கீழே பக்கவாட்டில் ஜக் கொழுவுகிற இடத்தில் ஜக்கைக் கொழுவி உயர்த்தினேன். ஜக் மேலே போனது. கார் அசையவில்லை. தகடு நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. கறுப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே கண்ணாடியிழைப் பசையும், கசக்கி அடைத்த பத்திரிகைத் தாளும்.

இப்போது கார் பார்க்கப் போகும்போது ஒரு காந்தம், ஒரு ரோர்ச், பழைய உடுப்பு, இவை மூன்றும் இல்லாமல் போவதில்லை. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுகளின் கீழ்விளிம்பிலும் மட்காட்டின் அடியிலும் வைத்துப் பார்க்கலாம். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பசைதான் இருக்கிறது. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். முன் ஆசனங்களின் கீழே காரின் குறுக்கே போகிற பெட்டிச் சட்டத்தின் இரண்டு முனைகள், பின்பக்க வில்லுகள் தொங்குகிற இடங்கள், கதவுக்குக் கீழே ஓடுகிற நீளப் பெட்டி ஆகியவைதான் முக்கியம். நீளப் பெட்டியில் பழைய கறளை வெட்டாமல் அதன்மேலேயே புதுத் தகட்டை ஒட்டிவிடுகிற வழக்கம் உண்டு. வெளியில் புதிதாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. கதவைத் திறந்து மூடிப் பார்ப்பதும் நல்ல சோதனை. கதவு தொங்கினாலோ, இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருந்தாலோ, உடலே வளைந்திருக்கலாம்.

பின்பக்கம் மரச்சட்டம் வைத்த ட்ராவலர் வகையை விரும்புகிறவர்கள் அதிகம். அந்த மரம் அலங்காரம் என்று நினைத்து ஏமாறாதீர்கள். ஆஷ் மரத்தால் ஆன அந்தச் சட்டம்தான் பின்னுடலைத் தாங்குகிறது. மரம் கறுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மூட்டுகளில் நகத்தால் அழுத்தும்போது பதிந்தால் சில ஆயிரம் பவுண் செலவு காத்திருக்கிறது. கூரை மடிக்கிற வகைக்கு இன்னொரு எச்சரிக்கை: சாதாரணக் காரின் கூரையை வெட்டி அப்படி ஆக்கியவையும் விற்பனைக்கு வரும். தொழிற்சாலையிலேயே அப்படி வந்த மைனர் 1000 வகைக் கார்களில் பெரும்பாலானவற்றின் அடையாள இலக்கம் எம்-ஏ-ரி என்று தொடங்கும். காரின் அடையாளத் தகட்டில் இருப்பதும் பதிவுப் புத்தகத்தில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

பிறகு இந்த எம்.ஓ.ரி. என்கிற வருடாந்தச் சோதனை விஷயம். 2018 மே மாதத்தில் இருந்து, 40 வருடம் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு வருடாந்தச் சோதனை கட்டாயமில்லை. வீதி வரியும் இல்லை, ஆனாலும் வருடா வருடம் பதிய வேண்டும். லண்டன் புகைக் கட்டணமும் இல்லை. "சோதனையே தேவையில்லை அண்ணை" என்று விற்பவர் சொன்னால், அதைச் சலுகையாகக் கேளுங்கள், உத்தரவாதமாகக் கேட்காதீர்கள். சட்டம் விலக்குத் தந்தது சோதனைக்குத்தான். பாதுகாப்பான நிலையில் கார் இருக்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில்தான் இருக்கிறது. நான் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 55 பவுண் கட்டி, விருப்பத்தோடு சோதனைக்கு விடுகிறேன். காரை உயரத்தில் தூக்கி வேறொருவர் கண்ணால் பார்ப்பதற்கு அது பெரிய காசு இல்லை.

வாங்கிய பிறகு நடக்கிற பிழைகளில் மிகவும் ஆபத்தானது, முன்சில்லுக்குக் கிறீஸ் அடிக்காமல் விடுவது. மைனரின் முன்சில்லு திரும்புகிற நிலைத்தண்டின் மேலும் கீழும் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரிகளில் ட்ரனியன் என்கிற துண்டுகள் ஏறி நிற்கும். காரின் பாரமும் ஸ்ரியரிங் திரும்புவதும் அந்தப் புரியில்தான். கிறீஸ் வற்றினால் புரி தேயும். தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் தண்டு கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடங்கிவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும் என்பார்கள். நெடுஞ்சாலையில் நடக்காது என்று எவரும் எழுதித் தரமாட்டார்கள். ஆயிரம் மைலுக்கு ஒருதரம் சில்லைத் தரையில் இருந்து தூக்கி, பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள். தூக்கி வைத்திருக்கும்போதே சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஓட்டக்கூடாது. இதில் குழப்பமும் உண்டு. ட்ரயம்ப் ஹெரல்ட், ஸ்பிட்பயர் கார்களின் ட்ரனியனுக்குக் கிறீஸ் கூடாது, கியர் ஒயில்தான் விட வேண்டும். ட்ரயம்ப் வைத்திருக்கும் நண்பர் சொன்னதை மைனரில் செய்யாதீர்கள்.

பிரேக் ஒயில் தாங்கி கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சாரதியின் காலடியில், சட்டப் பெட்டிக்குள் இருக்கிறது. விரிப்பைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும் என்பதால் வருடக்கணக்கில் பார்க்காமல் விடுகிறார்கள். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பிரேக் ஒயிலைத் தள்ளுகிற சிலிண்டரைக் கழற்ற நேர்ந்தால், அதன் போல்ட்டை வெளியே இழுக்க முன்சில்லுக்கான முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டை மறுபக்கமாகப் போட்டுவிட்டால் அடுத்த தடவை அந்தக் கஷ்டம் இல்லை.

மின்சாரத்தில் ஒரே ஒரு விஷயம் நினைவில் இருந்தால் போதும். மைனர் தொழிற்சாலையில் இருந்து வந்தபோது பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருந்தது. பலர் பின்னர் மாற்றியிருக்கிறார்கள். உங்கள் கார் எது என்று பார்க்காமல் புது ரேடியோவையோ மின்னணு இக்னிஷனையோ பூட்டினால் உடனே எரிந்துவிடும்.

பெற்றோல் பற்றி: 2021 செப்டெம்பரில் இருந்து இங்கே சாதாரணப் பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர்க் குழாய்களைத் தின்னும். விலை கூடிய, 5 வீதம் வரை மட்டும் கலந்த பெற்றோலை அடியுங்கள், குழாய்களையும் மாற்றிவிடுங்கள். ஈயம் கலந்த பெற்றோல் 1999 முடிவோடு நின்றது. ஈயம் இல்லாவிட்டால், எஞ்சினின் பழைய வார்ப்பிரும்புத் தலையில் வால்வு இருக்கை மெல்ல உள்வாங்கி, வால்வு இடைவெளி குறைந்துகொண்டு போகும். இடைவெளி 0.012 அங்குலம் இருக்க வேண்டும். சரிபார்த்து அடுத்த மாதமே குறைந்து நின்றால், தலையைக் கழற்றிக் கடின இருக்கை போடுவிக்கும் நேரம் வந்துவிட்டது.

ஏறத்தாழ 16 இலட்சம் மைனர்கள் செய்யப்பட்டதால் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை. இலங்கையில் அடித்த தகடுகள்கூட இங்கிலாந்துக்கு வந்திருக்கின்றன. அதனாலேயே எல்லாவற்றையும் புதிதாக மாற்றுகிற ஆசை வரும். இக்னிஷனில் நன்றாக வேலை செய்கிற பழைய கொண்டென்சரையும் ரோட்டரையும் எறிந்துவிட்டு மலிவான புதியதைப் போட்டு, வீதியோரம் நிற்கிற கார்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஸ்பானரும் அப்படித்தான். நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். அதில் 13ஐப் போட்டு அமத்தினால் மூலை மழுங்கிவிடும்.

கடைசியாக, காரை மூடி வைத்துவிட்டு வசந்தம் வரும்வரை மறந்துவிடாதீர்கள். பிளாஸ்ரிக் உறை ஈரத்தைச் சிறைப்படுத்தும், மூச்சு விடுகிற துணிதான் சரி. மாதம் ஒருமுறை எஞ்சின் சூடாகும் வரை, இருபது மைலாவது ஓட்டுங்கள், உப்பு இல்லாத நாள் பார்த்து. என் பச்சைக் கார் அடித்தகடு மாற்றி இப்போது நன்றாக இருக்கிறது. குளிர்காலத்தில் அந்த மாதாந்த ஓட்டம் தவிர, மார்ச்சில் இரண்டு நல்ல மழை பெய்து தெரு கழுவுப்பட்ட பிறகுதான் அதை வெளியே எடுப்பேன்.