கேட்டது கிடைக்காதபோது கடவுளை நம்புவது எப்படி?

முதலில் சண்டை போடுங்கள். மனத்தாங்கலை மறைத்துக்கொண்டு தேவாரம் பாடினால் வாய் மட்டும்தான் பாடும். ஒரு கண்ணில் பார்வை இல்லாமல் திருவாரூரில் நின்ற சுந்தரர், "வாழ்ந்து போதீரே" என்று இறைவனையே ஏசினார். அந்தப் பதிகத்தையும் ஏழாம் திருமுறையில் வைத்துத்தான் ஓதுகிறோம்.

பக்கவாதத்தில் நா எழாமல் போன என் அம்மாவுக்குப் பேச்சு வர வேண்டும் என்று வேண்டினேன். வரவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் நேர்த்திக்கடனைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். பால்குடம், பிறகு அங்கப்பிரதட்சணம் என்று ஏறினால் வேண்டுதல் பேரமாகிவிடும். மாலையில் ஒரு விளக்கு, ஒரு பதிகம் போதும். மருந்தும் பேச்சுப் பயிற்சியும் நிற்கக் கூடாது.

கடினமானது இனிமேல்தான். கேட்டதற்குப் பதிலாக என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். திருவெண்பாக்கத்தில் கண் கேட்ட சுந்தரருக்கு ஊன்றுகோல்தான் கிடைத்தது. (அந்தப் பழைய தலம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது, சுவாமியை இப்போது பூண்டியில் தரிசிக்கலாம்.) அதன் பிறகே காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண். எங்கள் வீட்டுக்கு வந்த கோல் ஒரு சிலேட்டு. அம்மா இடக்கையால் கோணல்மாணலாக 'உப்பு' என்று எழுதி, சாம்பார்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளுவார்.

அதை உடனே வரம் என்று கொண்டாட வேண்டியதில்லை. எனக்கே வெகுநாள் பிடித்தது. 'எல்லாம் நன்மைக்கே' என்பவர்களிடம் வாதாடாதீர்கள். மறுநாளும் அதே வேண்டுதலை வையுங்கள், கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.