ஆயில் லைட் அணையவில்லையா? சுவிட்சைக் கழற்றும் முன்

ரங்கூனிலிருந்து பெகு பக்கம் உளுந்து ஏற்றப் போகிற லாரி முக்கால்வாசி ஜப்பானில் ஓடிக் களைத்து வந்ததுதான். அதனால் டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் லைட் எரிந்தால் "சுவிட்ச் போயிருக்கும், ஓட்டு" என்று சொல்ல ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார். ஆயில் பிரஷர் குறைந்தால் அந்த லைட்டை எரியவைக்கிற சுவிட்சைத்தான் சொல்கிறார். அப்படி ஒருவர் பேச்சைக் கேட்டு நான் ஓட்டினேன். சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது, ஆயில்தான் இல்லை. பேரிங் போயிற்று.

லைட் எரிந்த உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். 1970லிருந்து பர்மாவில் நாம் வலப்பக்கம் ஓட்டுகிறோம், ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே இருப்பதால் ஓரம் கட்ட மட்டும் அது வசதி. சற்றுப் பொறுத்து ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால்தான் சுவிட்ச் பக்கம் போகவேண்டும்.

சுவிட்ச் பெரும்பாலும் ஆயில் ஃபில்டர் மாட்டியிருக்கிற இடத்தை ஒட்டி, பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். கட்டைவிரல் பருமன், ஒற்றை வயர். கேபினைத் தூக்கினால் லாக் விழுந்ததா என்று பார்த்துவிட்டுக் கையை விடுங்கள். டேஷ்போர்டில் முள் காட்டும் மீட்டரும் இருந்தால் பிரஷரை அதற்குச் சொல்கிற பெரிய சென்சார் ஒன்று தனியாக இருக்கும், அதைக் கழற்றிவிடாதீர்கள்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு வயரை உருவுங்கள். லைட் அணையவேண்டும். அணையாவிட்டால் வயர் எங்கோ உரசி பாடியில் எர்த் ஆகிறது, புது சுவிட்ச் வாங்கிப் பயனில்லை. உருவிய வயரை இன்ஜின் பாடியில் தொட்டால் எரியவேண்டும். எரியாவிட்டால் பல்போ ஃப்யூஸோ போயிருக்கிறது. வயரை மாட்டியபோது லைட்டே வராமல், பாடியில் தொட்டால் மட்டும் வருகிறதென்றால் சுவிட்ச் செத்துவிட்டது. எனக்கு அதுதான் அதிகப் பயம், ஆயில் தீர்ந்தாலும் அது வாய் திறக்காது.

வயரை உருவினால் அணைகிறது, ஆனால் வயர் மாட்டியிருக்க இன்ஜின் ஓடும்போதும் எரிகிறது என்றால் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். இன்ஜின் சூடான பிறகு 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. பிரஷர் என்பது பழைய கைக்கணக்கு, உங்கள் இன்ஜின் புத்தகம் சொல்வதுதான் முடிவு. இந்த சுவிட்ச் பொதுவாக 4 முதல் 7 பி.எஸ்.ஐ.யிலேயே லைட்டை அணைத்துவிடும். கேஜ் நல்ல பிரஷர் காட்டியும் லைட் எரிந்தால் குற்றவாளி சுவிட்ச்தான். கேஜும் படுத்துவிட்டால் மெக்கானிக்கிடம் போங்கள், அன்றைக்கு லோடு இல்லை.

கழற்றுவதற்கு இன்ஜின் ஆறட்டும். சுற்றியிருக்கிற அழுக்கை முதலில் துடைத்துவிட்டு ஆழமான சாக்கெட்டால் திருகுங்கள், அநேகமாக 24 அல்லது 27 மி.மீ. உட்காரும். ஆயிலை வடிக்கத் தேவையில்லை, கொஞ்சம்தான் சொட்டும்.

புது சுவிட்சில் மரையைப் பாருங்கள். ஜப்பான் இன்ஜினில் பெரும்பாலும் பி.டி. 1/8 என்கிற மரை அளவு, அங்குலத்துக்கு 28 மரை. அமெரிக்க என்.பி.டி. 1/8 என்றால் 27. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டு சுற்று ஏறவும் செய்யும், அப்புறம் இறுகும். அங்கே பலம் காட்டினால் பிளாக்கின் மரை போய்விடும். டெஃப்லான் டேப் வேண்டாம்: சுவிட்ச் எர்த் எடுப்பதே அந்த மரை வழியாகத்தான், பிய்ந்த துணுக்கு ஆயில் பாதைக்குள்ளும் போகும். முனையில் இரண்டு மரையை விட்டுவிட்டு சீலன்ட் தடவி, கையால் ஏற்றி, சாக்கெட்டால் அளவாக இறுக்குங்கள். சுமார் 15 நியூட்டன் மீட்டர் போதும், பைப்பைப் போட்டு நெம்பவேண்டாம்.

சீலன்ட் காய்ந்ததும் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். சில விநாடியில் லைட் அணையவேண்டும். ஆயில் அளவைப் பார்த்து ஊற்றிவிட்டு, மறுநாள் லோடு ஏற்றி வந்ததும் மரையோரம் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.