செம்பருத்தி இலையைக் கையில் வைத்து இலையின் உறுப்புகளைக் கண்டறியும் முறை

இலையின் உறுப்புகளைப் படம் பார்த்து மனப்பாடம் செய்தவர்களிடம் கறிவேப்பிலை இணுக்கு ஒன்றைக் கொடுத்து, இதில் எத்தனை இலைகள் உள்ளன என்று கேட்டால், பெரும்பாலோர் வரிசையாக எண்ணத் தொடங்கித் தவறான விடை சொல்லிவிடுகிறார்கள். படங்களில் இலை எப்போதும் செடியிலிருந்து பிரிந்தே கிடப்பதுதான் இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். ஆகவே இந்தச் செய்முறையை, இலை தண்டோடு சேரும் இடத்திலிருந்து தொடங்குவோம். செம்பருத்திச் செடி ஒன்று, பூதக்கண்ணாடி, கண்ணாடித் தம்ளரில் வெந்நீர், கறிவேப்பிலைக் கிளை ஒன்று ஆகியவை போதும்.

படி 1: இலையைப் பறிக்காமல் அதன் அடியைப் பாருங்கள்

கிளையின் நுனியிலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது இலையைத் தேர்ந்தெடுங்கள். காம்பு தண்டில் ஒட்டும் பகுதியே இலையடி. அதன் இருபுறமும் பச்சை நூலைக் கிள்ளி ஒட்டவைத்தாற்போல இரண்டு மெல்லிய உறுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். இவை இலையடிச் செதில்கள். இளம் மொட்டுக்குக் காப்பாக இருப்பது இவற்றின் வேலை. முதிர்ந்த இலைகளில் இவை உதிர்ந்திருக்கக்கூடும் என்பதால்தான் இளம் இலையைப் பார்க்கச் சொன்னேன். அடுத்து, காம்புக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பூதக்கண்ணாடியால் உற்றுப் பாருங்கள். அங்கே இருக்கும் சிறு புடைப்பு கோணமொட்டு. புதிய கிளையும் செம்பருத்திப் பூவும் இந்தக் கோணத்திலிருந்தே வருகின்றன. இந்த மொட்டை நினைவில் வையுங்கள். கடைசிப் படியில் இது தேவைப்படும்.

படி 2: காம்பு

இப்போது இலையைப் பறிக்கலாம். காம்பு இலையை வெயில் படும்படி ஏந்திப் பிடிக்கிறது, காற்றில் வளைந்துகொடுத்து இலை கிழியாமல் காக்கிறது, தண்டுக்கும் இலைக்கும் இடையே நீரும் உணவும் செல்லும் வழியாகவும் இருக்கிறது.

படி 3: இலைத்தாளும் நரம்புகளும்

விரிந்த தட்டையான பகுதிக்கு இலைத்தாள் என்று பெயர். அதைத் திருப்பி அடிப்புறத்தை விரலால் தடவினால் நரம்புகள் புடைத்திருப்பது தெரியும். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, பின்புறத்து நரம்பை உரித்துவிட்டுச் சுண்ணாம்பு தடவுபவர்களுக்கு இது நாள்தோறும் பழகிய செய்திதான். செம்பருத்தியில் அடியிலிருந்தே சில பெருநரம்புகள் பிரிந்து, பின் கிளைத்துக் கிளைத்து வலைபோல் பரவுகின்றன. நெல்லின் தாளிலும் கரும்பின் தோகையிலும் அவை ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. ஒவ்வொரு நரம்பிலும் இரண்டு வகைக் குழாய்கள் உள்ளன: சைலம் வேர் உறிஞ்சிய நீரை இலைக்குக் கொண்டுவருகிறது, புளோயம் இலை தயாரித்த சர்க்கரையைச் செடியின் பிற பகுதிகளுக்கு எடுத்துச் செல்கிறது. இலைத்தாள் துவளாமல் விரிந்து நிற்பதற்கும் இந்த நரம்புகளே தாங்கல்.

படி 4: மேற்புறமும் அடிப்புறமும்

மேற்புறம் கரும்பச்சையாகப் பளபளக்கும், அடிப்புறம் வெளிறியிருக்கும். பளபளப்புக்குக் காரணம், நீர் வீணாக ஆவியாவதைத் தடுக்கும் கியூட்டிக்கிள் என்னும் மெழுகுப் பூச்சு. மேல்தோலுக்குக் கீழே பச்சையம் நிறைந்த செல்கள் கம்பங்களைப் போல நெருக்கமாக நிற்கின்றன. வெயிலைக் கொண்டு நீரிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடிலிருந்தும் உணவு தயாரிக்கும் ஒளிச்சேர்க்கையின் பெரும்பங்கு நடப்பது இங்கேதான். அதற்கும் கீழே உள்ள செல்கள் பஞ்சுபோல் காற்றிடைவெளிகளுடன் தளர்வாக அமைந்திருப்பதால் அடிப்புறம் வெளிறித் தோன்றுகிறது.

படி 5: இலைத்துளைகள்

கொதித்து இறக்கிச் சற்று ஆறிய நீரில் புதிதாகப் பறித்த இலையை முழுவதும் அமிழ்த்துங்கள். (சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.) சிறிது நேரத்தில் நுண்ணிய குமிழ்கள் தோன்றும், மேற்புறத்தைவிட அடிப்புறத்தில் அவை மிகுதியாக இருக்கும். இதை ஒளிச்சேர்க்கையில் வெளியாகும் ஆக்சிஜன் என்று பலர் தவறாக எழுதிவிடுகிறார்கள். சூடேறிய இலையின் காற்றிடைவெளிகளில் இருந்த காற்று விரிவடைந்து வெளியேறுவதே இங்கு நிகழ்வது. 1779இல் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் காட்டிய சோதனை வேறு: நீரில் மூழ்கிய பச்சை இலைகள் வெயிலில் மட்டுமே ஆக்சிஜன் குமிழ்களை விடுகின்றன, இருளில் விடுவதில்லை என்று அவர் கண்டார்.

நம் குமிழ்கள் வெளிவரும் வாயில்கள்தாம் இலைத்துளைகள். ஒவ்வொரு துளையின் இருபுறமும் அவரை விதை வடிவில் இரண்டு காப்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் பொட்டாசியம் அயனிகள் புகும்போது நீரும் தொடர்ந்து புக, செல்கள் உப்பி வளைந்து துளை திறக்கிறது. நீர் வெளியேறினால் தளர்ந்து மூடிக்கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவதும், நீராவிப்போக்கில் நீர் வெளியேறுவதும் இதே வழியில்தான். ஆகவே செடிக்கு உணவு வேண்டுமானால் துளையைத் திறந்து நீரை இழந்தே ஆக வேண்டும்.

படி 6: கறிவேப்பிலைக்குத் திரும்புவோம்

இப்போது கோணமொட்டைத் தேடுங்கள். முழு இலை ஒன்று தண்டோடு சேரும் கோணத்தில்தான் அது இருக்கும். நாம் இலை என்று சொல்லும் ஒவ்வொரு துண்டின் அடியிலும் மொட்டு இல்லை. இணுக்கு முழுவதும் கிளையோடு சேரும் இடத்தில்தான் மொட்டு இருக்கிறது. எனவே அந்த இணுக்கு முழுவதும் ஒரே இலை. அதன் துண்டுகள் சிற்றிலைகள். அவற்றில் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஊசியால் குத்தினாற்போல ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். தாளிப்பில் மணக்கும் எண்ணெய் இந்தச் சுரப்பிகளில்தான் இருக்கிறது. அடுத்த முறை முருங்கைக் கீரை உருவும்போதும் மொட்டு இருந்த இடத்தைத் தேடிப் பாருங்கள்: மும்முறை கிளைத்து, முறம் நிறையச் சிற்றிலைகளை உதிர்க்கும் அந்த நீண்ட இணுக்கும் ஒற்றை இலையே.